ஆறட்டும்

எங்கள் பக்கம் விளக்கை அணைப்பதில்லை, அமத்துவோம். “லைட்ட அமத்திட்டுப் படு” என்பது திண்டுக்கல் வீடுகளில் இரவுதோறும் கேட்கிற பேச்சு. அடுப்பையும் அமத்துவோம், கிணற்று மோட்டாரையும் அமத்துவோம். ‘அமர்த்து’ என்ற பழைய சொல்தான் வாயில் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. எரிவதையும் ஓடுவதையும் உட்கார வைக்கிற வேலைக்கு அந்தப் பெயர். ஆனால் கோபத்தில் நிற்கிற மனுசரைப் பார்த்து “அமத்து” என்று யாரும் சொல்வதில்லை. நம் கை பட்டால் நின்றுபோகிற பொருளுக்கு மட்டுமே அந்தச் சொல் என்பதில் எங்கள் சனங்களுக்குத் தெளிவு உண்டு.

மனுசருக்கு வேறு சொற்கள். கூச்சல் போடும் பிள்ளைகளிடம் “சலம்பாதீங்கடா” என்போம். பெரியவர்கள் பேச்சில் குறுக்கிட்டால் “சத்தங்காட்டாம இரு.” வம்புக்குப் போகாதே என்பதற்கு “சிவனேன்னு கெட.” குரலைத் தாழ்த்தச் சொல்ல “பையப் பேசு.” மழை ஓயும், காற்று அடங்கும், வெக்கை தணியும், வலி மட்டுப்படும். காய்ச்சல் மருந்துக்குக் கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது. புண் ஆறும், மனசும் ஆறும். ‘அமைதி’ என்ற சொல்லை வீட்டுக்குள் நாங்கள் அதிகம் புழங்குவதில்லை. அது மைக்கில் சொல்வதற்கும், பள்ளிக்கூடச் சுவரில் எழுதுவதற்கும், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அச்சடிப்பதற்கும் உரியது.

இந்தச் சொற்களை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதை வெகுகாலமாகக் கவனித்து வருகிறேன். ஒருவரை அமைதிப்படுத்துகிறோம் என்று நாம் செய்வதில் பெரும்பகுதி அவர் வாயை அடைப்பதாகத்தான் இருக்கிறது. மிச்சம் கொஞ்சம் உண்மையிலேயே நல்ல காரியம். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டிவிட்டதால் எது எது என்று தெரியாமல் போகிறது. பிரித்துப் பார்க்கும் வழி நம் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது என்று நம்புகிறேன்.

‘அடங்கு’ என்பது மேலிருந்து கீழே மட்டும் இறங்குகிற சொல். அப்பா மகளிடம் சொல்வார், மகள் அப்பாவிடம் சொல்ல முடியாது. மாமியார் மருமகளிடம், முதலாளி வேலையாளிடம், ஊர்த்தெருக்காரர் காலனிக்காரரிடம் சொல்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் “புள்ள அடக்கமா இருக்கா” என்றால் பெண் வீட்டாருக்கு நிம்மதி. மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு தேர்வு கிடையாது, அவருக்குச் சம்பளமும் வேலையும்தான் கேள்வி. எதையாவது எதிர்த்துக் கேட்கிற பெண்ணுக்கு ‘அடங்காப்பிடாரி’ என்று பட்டம் கிடைக்கும். அதற்கு நேரான ஆண்பால் வசைச்சொல் எதையும் நான் கேட்டதில்லை. தொல். திருமாவளவன் ‘அடங்க மறு’ என்று முழங்கியபோது தமிழ்நாட்டின் ஊர்க்கோடியில் வாழ்ந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தங்கள்மேல் விழுந்த சொல் எது என்று அவர்கள் உடம்புக்கே தெரியும்.

குறளில் 13ஆவது அதிகாரம் ‘அடக்கமுடைமை’. பள்ளிக்கூடத்தில் அதை ஒப்பிக்க வைத்துவிட்டு, ‘ஆகவே பெரியவர்கள் சொன்னால் வாய் திறக்கக் கூடாது’ என்று முடித்துவிடுகிறார்கள். ஒருமுறை அந்தப் பத்துக் குறளையும் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஒருவர் இன்னொருவரை அடக்குவது பற்றி அதில் பேச்சே கிடையாது. தன் புலன்களை, தன் நாக்கை, தன் கோபத்தைத் தானே காத்துக்கொள்வதைப் பற்றியே அது முழுக்கப் பேசுகிறது. பணிவு எல்லாருக்கும் வேண்டியதென்று சொல்லிவிட்டு, யாரிடம் இருந்தால் அது இன்னும் சிறப்பு என்று வள்ளுவர் சுட்டுவது பணக்காரரை. கையில் செல்வமும் செல்வாக்கும் உள்ளவருக்குச் சொன்ன புத்தியை நாம் கையில் ஒன்றும் இல்லாதவரின் தலையில் கட்டிவிட்டோம். இது சிறிய பிழையாக எனக்குத் தோன்றவில்லை.

‘ஊரடங்கு’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுதான். என் அப்பத்தா “ஊரடங்குற நேரத்துல எங்கய்யா போற?” என்று கேட்டால், இரவுச் சாப்பாடு முடிந்து, திண்ணைப் பேச்சு ஓய்ந்து, எங்கோ ஒரு நாய் குரைப்பது மட்டும் கேட்கிற வேளை என்று பொருள். ஊர் தன் அலுப்பில் தானாக அடங்கிய நேரம் அது. பிறகு அந்தச் சொல் கலவரக் காலச் சட்டத்துக்குப் பெயராயிற்று. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் அதே சொல்லில்தான் வீட்டுக்குள் இருத்தப்பட்டது. கொரோனா நோய்க்கு அப்போது வேறு வழி தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேருந்து நிலையமும் பூ மார்க்கெட்டும் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள் “ஊரே அமைதியா இருக்கு” என்று சொல்லவில்லை. “ஊரப் பாத்தா பயமா இருக்கு” என்றார்கள். சத்தம் இல்லாததற்கும் அமைதிக்கும் இடையில் உள்ள தூரம் அந்த ஒரு பேச்சில் இருந்தது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அமைதி இந்த எட்டில் வரவில்லை. வடமொழி மரபில் சாந்தம் ஒன்பதாவதாகச் சேர்ந்ததுகூடப் பின்னாளில்தான். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. வெகுளி, அதாவது கோபம், எதனால் பிறக்கிறது என்று தொல்காப்பியர் நான்கு காரணங்களைச் சொல்கிறார். ஒருவரின் உறுப்பை வெட்டுவது, அவருடைய சுற்றத்தையும் குடியையும் நலியச் செய்வது, வைவதும் அடிப்பதும், கொலை. உரையாசிரியர்களின் துணையோடு படித்தால் இப்படித்தான் பொருள்படும். நான்குமே ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தீங்குகள். கோபக்காரரின் குணக்கேடு என்று ஒரு காரணம்கூட அந்தப் பட்டியலில் இல்லை. கோபத்தைக் கண்டால் முதலில் ‘இவருக்கு யார் என்ன செய்தார்கள்?’ என்று கேட்கும்படி நம்முடைய மிகப் பழைய இலக்கணமே சொல்கிறது. நாமோ ‘இவருக்கு ஏன் இவ்வளவு கோபம்?’ என்பதோடு நின்றுவிடுகிறோம்.

திருவிழாத் தகராறு, மயானப் பாதைத் தகராறு, குளத்துத் தண்ணீர்த் தகராறு என எது வந்தாலும் தாலுகா அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடக்கும். தாசில்தாரோ கோட்டாட்சியரோ நடுவில் உட்காருவார், போலீஸ் அதிகாரிகள் இருப்பார்கள், இரு தரப்பிலும் சிலர் வருவார்கள். மறுநாள் பேப்பரில் ‘பதற்றம் தணிந்தது’ என்று செய்தி வரும். இந்தக் கூட்டங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அரிவாளுக்கும் ரத்தத்துக்கும் இடையில் ஒரு மேசையைக் கொண்டுவந்து போடுவது பெரிய காரியம். ஆனால் பல நேரங்களில் அங்கே தணிவது எதுவும் இல்லை, எளியவர் தரப்பு அடங்கிவிட்டு வருகிறது. ‘இந்த வருசம் விட்டுக் கொடுத்துப் போங்க’ என்று சொல்லக் கேட்பவர்கள் எப்போதும் அதே ஆட்களாக இருப்பதைக் கவனியுங்கள். மயானத்துக்குப் பாதை கேட்டவருக்குப் பாதை கிடைத்ததா என்று யாரும் ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பதில்லை. அடுத்த சாவு விழும்போது அதே தகராறு அதே முக்கில் மறுபடி எழுந்து நிற்கும்.

வேறு விதமாகவும் இதைச் செய்ய முடியும் என்று நினைத்தவர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற வழியில், சின்னாளபட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே மாணவர்களுக்குச் ‘சாந்தி சேனை’ என்ற பயிற்சி இருந்தது. காந்தியின் மனதில் இருந்த யோசனை அது. அவர் மறைவுக்குப் பிறகு 1957இல் வினோபா பாவே அதற்கு உருக்கொடுத்தார். ஆயுதம் இல்லாத படை, கலவரம் நடக்கும் இடத்துக்குள் போய் நிற்க வேண்டிய படை.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வினோபா வைத்த ஏற்பாடு. சண்டை இல்லாத நாட்களில் சாந்தி சேனைக்காரரின் வேலை ஊருக்குச் சேவை செய்வது. வீடு வீடாகப் போவது, சனங்களோடு பழகுவது, அவர்கள் நல்லது கெட்டதில் நிற்பது. அப்படிப் பழகியவர் சொன்னால்தான் கலவர நாளில் நாலு பேர் கேட்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து “அமைதியாக இருங்கள்” என்று கை கூப்பினால் கூட்டம் அவரைத் தள்ளிவிட்டுப் போய்விடும். சாந்தி வேண்டிய நாளில் சாந்தியைத் தேடினால் கிடைக்காது, அதற்கு முந்திய சாதாரண நாட்களில் உழைத்திருக்க வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் உள்ளுறை. நம் தாலுகாக்களில் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துகிறவர்கள், தகராறு இல்லாத மாதங்களிலும் அந்த இரண்டு தெருவுக்கும் போய்வர வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் எவ்வளவோ மாறும்.

இனி ‘ஆறு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழில் எனக்கு மிகவும் பிடித்த வினை இது. கொதித்த பால் ஆறும், வெட்டுப்பட்ட புண் ஆறும், பசியாறுவோம், இளைப்பாறுவோம், மனசு ஆறும். இதில் கவனிக்க வேண்டியது, எதிரே நிற்கிறவரைப் பார்த்து “ஆறு!” என்று யாரும் அதட்டுவதில்லை. அப்படி ஒரு வழக்கே இல்லை. “ஆறட்டும்” என்றுதான் சொல்வோம். “கோவத்துல இருக்காரு, கொஞ்சம் ஆறட்டும், அப்பறம் பேசலாம்.” கட்டளைக்கு அந்தச் சொல் இடம் கொடுப்பதில்லை. காத்திருக்கச் சொல்கிறது, அதுவும் கோபக்காரரைக் காத்திருக்கச் சொல்லாமல் சுற்றி இருப்பவர்களைக் காத்திருக்கச் சொல்கிறது.

ஆறுவதற்கு உதவலாம். அதற்குத்தான் ‘ஆற்று’, எங்கள் வாயில் ‘ஆத்து’. டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் மாற்றி மாற்றி ஊற்றி ஆத்துகிறோம். அதைச் செய்யும் நேரம் முழுக்கக் கை சூட்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மனுசரை ஆற்றுவதும் அப்படித்தான். எதிராளியின் சூட்டில் கொஞ்சம் நம் கையிலும் பட வேண்டியிருக்கும். ‘ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சுடாமல் திரும்பி வந்த ஆறுதலால் யாருக்கும் பெரிய பயன் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கேத வீட்டுக்கு வருகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தெருமுனையில் திரும்பும்போதே குரலெடுத்துவிடுவார்கள். வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, தோளோடு தோள் சேர்த்து, செத்தவரின் பேரைச் சொல்லி, அவர் செய்த நல்லது, வைத்துவிட்டுப் போன குறை எல்லாவற்றையும் ஒப்பாரியில் கொண்டுவருவார்கள். மற்ற நாளில் நாக்கு வராத சங்கதிகளும் அதில் வரும். கொடுமைக்கார மாமியாரும், பங்கு கொடுக்காத அண்ணனும், குடித்தழித்த கணவனும் அங்கே எல்லார் காதிலும் விழும்படி பேசப்படுவார்கள். அன்றைக்கு யாரும் “சலம்பாத” என்று சொல்வதில்லை. அழாமல் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துத்தான் பதறுவார்கள். “அழுதுரு தாயி, உள்ளாற வச்சுக்காத” என்று உலுக்குவார்கள். அழுது ஓய்ந்ததும் யாராவது ஒரு பெரியவர் “ஒரு வாய் தண்ணியக் குடி ஆத்தா” என்று சொம்பை நீட்டுவார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்தும் உறவுக்காரர் வீட்டிலிருந்தும் சோறு வரும். காரியம் முடிகிறவரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆற்றுவது என்றால் என்ன என்பதை இதைவிட முழுதாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தத் தண்ணீரும் வீண் சடங்கில்லை. விம்மி விம்மி அழுகிறவரின் மூச்சு மேலேயே நின்று தவிக்கும். தண்ணீரை விழுங்குவதற்கு மூச்சை ஒரு கணம் நிறுத்தியாக வேண்டும், பிறகு நீளமாக விட வேண்டும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுவதும் விடும்போது குறைவதும் உடலின் இயல்பு. பெருமூச்சு விட்ட பிறகு நெஞ்சு கொஞ்சம் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். உடற்கூறு படிக்காத கிழவிகள் சொம்பும் கையுமாக நின்றதில் இவ்வளவு இருந்திருக்கிறது.

இப்போது திண்டுக்கல் டவுனுக்குள் பல வீடுகளில் ஒப்பாரி இல்லை. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறோம். சத்தமாக அழுவது நாகரிகக் குறைவு என்றாகிவிட்டது. என் அப்பா இறந்தபோது வந்தவர்களில் பலர் அம்மாவிடம் “மனச அடக்கிக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். எதிர்வீட்டு அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலமானால் ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிடுவார். அம்மா பேசினால் கேட்பார், பேசாவிட்டால் கீரையை உருவிக்கொண்டிருப்பார். அப்பாவைப் பற்றி அம்மா சொன்னதையே எத்தனை தடவை சொன்னாலும் “இதத்தான் நேத்தும் சொன்னீங்களே மதினி” என்று ஒருநாளும் சொன்னதில்லை. மாதக்கணக்கில் இப்படி நடந்தது. அம்மாவின் மனசு ஆறியதென்றால் அந்தப் படிக்கட்டில்தான் ஆறியது.

எங்கள் ஊரில் கத்தோலிக்கர்கள் நிறைய, 2003 முதல் திண்டுக்கல் தனி மறைமாவட்டம். அவர்கள் பேச்சில் புதைப்பதற்கு ‘அடக்கம்’ என்று பெயர், இறந்தவருக்காக அவர்கள் வேண்டுவதோ ‘நித்திய இளைப்பாற்றி’. மண்ணுக்குள் உடம்பை அடக்குவது மனிதர் கையில் உள்ள வேலை. இளைப்பை ஆற்றுவது அதற்கு மேற்பட்ட வேலை, ஆகவே அதைக் கடவுளிடம் கேட்கிறார்கள். இந்த இரண்டு சொல்லையும் இப்படித் தனித்தனியே நிறுத்திய மொழிபெயர்ப்பாளர் யாராக இருந்தாலும் அவருக்குத் தமிழின் நாடி தெரிந்திருக்கிறது.

‘சும்மா இரு’ என்பதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. குழந்தை எதையாவது நோண்டினால் “சும்மா இருடா” என்று அதட்டுகிறோம். அதே இரண்டு சொல்லைத்தான் முருகனின் உபதேசமாக அருணகிரிநாதரும், தன் மௌன குருவின் உபதேசமாகத் தாயுமானவரும் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். அந்த இருப்பைச் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்து காட்டியவர் ரமணர். அவர் சிறுவனாக இருந்தபோது கொஞ்ச காலம் திண்டுக்கல்லில் படித்தார் என்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

திருச்சுழியில் 1879இல் பிறந்த வெங்கடராமன் 1891இல் உறவினர் வீட்டில் தங்கி இங்கே பள்ளிக்குப் போனார். அபிராமி அம்மன் கோயில் பக்கம் ஏதோ விசேஷம், பெருங்கூட்டம். வீட்டில் எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். தனியாக இருந்த பையன் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். திரும்பி வந்தவர்கள் தட்டினார்கள், கத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வேறொரு சாவியைக் கொண்டுவந்து எப்படியோ திறந்து உள்ளே போய், பையனை எழுப்புவதற்காக அடித்தார்கள். கூட இருந்த பையன்களும் ஆசை தீர அடித்தார்கள். அவன் விழிக்கவில்லை. மறுநாள் காலை மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்கே தெரிந்தது. பின்னாளில் அவரே அன்பர்களிடம் சொன்ன நிகழ்ச்சி இது.

இதை அற்புதமாக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு பையன் அசந்து தூங்கினான், அவ்வளவுதான் அன்றைக்கு அது. என் கண்ணில் படுவது அவனைச் சுற்றி நின்றவர்கள். சலம்புகிற பிள்ளையை அடித்து அடக்குவோம், அடங்கிக் கிடக்கிற பிள்ளையை அடித்து எழுப்புவோம். அமைதி நாம் கேட்ட நேரத்தில் வராவிட்டாலும் கோபம், கேட்காத நேரத்தில் வந்தாலும் கோபம். அதிகம் பேசாத பிள்ளைகளை “என்ன உம்முன்னு இருக்க, நாலு பேரோட பேசிப் பழகு” என்று நச்சரிக்காத வீடு எத்தனை இருக்கும்?

அந்தப் பையன் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் பேசியது மிக அரிது. மௌன விரதம் என்று தீர்மானித்து அவர் அப்படி இருக்கவில்லை, பேசத் தோன்றவில்லை, பேசவில்லை. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டபோது முகம் திருப்பாமல் எழுதிக் காட்டிப் பதில் சொன்னார். ‘நான் யார்?’ என்ற சிறு நூல் அப்படித்தான் பிறந்தது. நம் வீடுகளில் நடக்கிற மௌனங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சண்டை போட்டுவிட்டு வாரக்கணக்கில் மனைவியிடம் பேசாமல் இருக்கிற கணவர்களுக்கும் வாய் மூடித்தான் இருக்கிறது. அது எதிரே இருப்பவரைப் பட்டினி போடுகிற மௌனம். கேட்டு வந்தவருக்கு எழுதியாவது பதில் சொன்ன மௌனம் வேறு சாதி.

அதட்டி அடக்க வேண்டியவை உலகத்தில் உண்டு. அவை பெரும்பாலும் இயந்திரங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. கோயில் விழா, திருவிழாக் கொடியேற்றம், கட்சி மாநாடு எல்லாம் மாறி மாறி வரும் எங்கள் ஊரில் இந்த விதிகள் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதை ஊர்க்காரர்கள் அறிவார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நெஞ்சுவலிக்காரரும் ஒலிபெருக்கிக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள். பேசுகிற பெண்ணிடம் ‘அடங்கு’ என்று சொல்லத் துணிகிற நாம் அந்தக் குழாயைப் பார்த்து அதைச் சொல்வதில்லை.

மில்களும் அப்படித்தான். வேடசந்தூர்ச் சுற்றுவட்டாரம் நூற்பாலைகளால் நிறைந்தது. விடிவதற்கு முன்பே மில் வேன்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்வரை இங்கே விதி அனுமதிக்கிறது. குடியிருப்புக்கான பகல்நேர வரம்போடு ஒப்பிட்டால் அது மூவாயிரம் மடங்குக்கும் அதிகமான ஒலியாற்றல். ரிங் ஃப்ரேம் ஓடும் கூடத்துக்குள் பக்கத்தில் நிற்கிறவர் சொல்வதே கேட்காது. கையாலும் வாயசைவாலும்தான் பேசிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கத்த வேண்டும். ஷிப்ட் முடிந்து வேனை விட்டு இறங்கிய பிறகும் காதுக்குள் அந்த இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படி வீட்டுக்கு வருகிற பெண் குரலை உயர்த்திப் பேசினால் “எதுக்கு இப்பிடிக் கத்துற, அடங்கு” என்கிறார்கள். மெஷினை மீறிப் பேசிய குரல் அவளுக்கு இன்னும் இறங்கவில்லை, காதும் இன்னும் திறக்கவில்லை. பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்தால் “என்ன, வந்ததும் வராததுமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க” என்கிறார்கள். அதற்குள் அடுப்பும், பிள்ளையும், தண்ணீர்க்குடமும் காத்திருக்கின்றன. அவள் தன் மூச்சு தன் காதில் கேட்கும்படி உட்கார ஒரு நேரம் அந்த நாளில் எங்கேயும் ஒதுக்கப்படவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் வேலை விட்டு வருவார். மில்லாக இல்லாவிட்டால் ஜவுளிக்கடையாக, ஆஸ்பத்திரியாக, பள்ளிக்கூடமாக இருக்கும். அவர் வந்ததும் ஒரு அரைமணி நேரம் எதுவும் கேட்காதீர்கள், எதுவும் சொல்லாதீர்கள். அவராகப் பேசினால் முழுக்கக் கேளுங்கள். அதுவரை காபியை நீங்கள் ஆத்திக் கொண்டுபோய்க் கொடுங்கள்.